மஸில்லோடர் ரைபிளின் பாகங்களை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இறக்கி, கோலால் கெட்டித்துச் சுடும் ரைபிள்தான் மஸில்லோடர். அமெரிக்காவில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் இன்றும் பலர் இதை வைத்திருக்கிறார்கள். ஒரு ரைபிளை வாங்கி, அதன் குழல், லாக் (மருந்துக்குத் தீ மூட்டும் பொறியமைப்பு), விசை, குறி என்று ஒவ்வொன்றாகத் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வதில் தனி சந்தோஷம் இருக்கிறது. அதில் இறங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பக்கவாட்டில் லாக் பொருத்திய பழைய பாணி ரைபிள்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. குழலுக்கு நேர் பின்னாலிருந்து தீ மூட்டும் நவீன இன்லைன் ரகம் இதில் வராது.

எந்தெந்தப் பாகங்களை மாற்ற முடியும்?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும். குழல், லாக், விசைத் தொகுதி, நிப்பிள் (வெடிக்கும் கேப்பை மாட்டும் சின்னக் குமிழ்), தீத்துளை லைனர் (தீ உள்ளே போகும் துளைக்கான உறை), முன்குறி, பின்குறி, கெட்டிக்கும் கோல், கட்டை, கட்டையில் பதித்திருக்கும் பித்தளை, இரும்புச் சாமான்கள் எல்லாம் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. சிலவற்றை ஸ்க்ரூடிரைவரோடு முடித்துவிடலாம். சிலவற்றுக்கு அரமும் உளியும் பொறுமையும் வேண்டும்.

வீட்டில் கை வைக்கவே கூடாதது ஒன்று உண்டு. குழலின் பின்வாயை அடைத்திருக்கும் ப்ரீச் பிளக். வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் முகத்துக்கு முன்னால் தாங்கி நிற்பது அதுதான். அதைக் கழற்றுவதும் மறுபடி பூட்டுவதும் துப்பாக்கித் தச்சரின் வேலை.

‘அப்படியே பொருந்தும்’ என்று சொல்லி விற்கிறார்களே, நம்பலாமா?

எந்த மாதிரிக்கு, எந்தக் காலத் தயாரிப்புக்கு என்று கேட்டுவிட்டு நம்பலாம். ஒரு பாகத்தை இன்னொன்றுக்குப் பதிலாகப் போட முடிவது உலோகத்தின் குணம் அல்ல, அளவுகோலின் வேலை. இதன் வரலாறே அதைச் சொல்கிறது.

1785இல் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற தொழில் வல்லுநரைப் போய்ப் பார்த்தார். கைக்கு வந்த பாகங்களைக் குவியலிலிருந்து எடுத்து, சில மஸ்கட் (பழைய படைத் துப்பாக்கி) லாக்குகளைத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அந்த வியப்பை அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஜேவுக்குக் கடிதமாகவும் எழுதினார். அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் 10,000 மஸ்கட்டுகளுக்கு அரசோடு ஒப்பந்தம் போட்டார். இரண்டு வருடத்தில் தருவதாகச் சொன்னவர் முடித்துக் கொடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பிற்காலத்தில் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, பல பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. ஹார்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் 1820களில் மாறிப் பொருந்தும் பாகங்களை எந்திரத்தில் செய்து காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்பர்ஸ் ஃபெர்ரி என்ற இரண்டு அரசு ஆயுதச் சாலைகளிலும் செய்து, முழுக்க மாற்றிப் போடக்கூடியதாக வந்த முதல் மஸ்கட் 1842 மாதிரி. ஜெஃபர்சன் பார்த்த நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இடையில் உருவானவை அளவுமானிகள். ஒவ்வொரு பாகத்தையும் ஒரே மாதிரியான அளவுமானியில் வைத்துப் பார்த்துத் தேறியதை மட்டும் எடுத்தார்கள்.

இன்றைய சந்தையில் அப்படிப்பட்ட பொது அளவுமானி எதுவும் கிடையாது. ‘ஹாக்கன்’ என்ற பழைய பாணி ரைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கம்பெனியின் ‘ஹாக்கன்’ வேறு, இன்னொரு கம்பெனியின் ‘ஹாக்கன்’ வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. ஆகவே எதை வாங்குவதற்கு முன்னாலும் வெர்னியரை எடுத்து நான்கு இடங்களை அளந்துவிடுங்கள்: குழல் கட்டையில் உட்காரும் இடம், லாக் குழலைத் தொடும் இடம், விசை லாக்கைத் தொடும் இடம், எல்லா மரைகளும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த நான்கைச் சுற்றித்தான்.

பாகங்களை மாற்றிக்கொண்டே போக எந்த ரைபிளை அடிப்படையாக வாங்கலாம்?

கொக்கி ப்ரீச்சும் ஆப்பும் உள்ள பாதிக்கட்டை ரைபிள்தான் (கட்டை குழலின் பாதி நீளம் வரை மட்டும் போகும் ரகம்) என் முதல் தேர்வு. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைநாட்டு வேட்டைக்காரர்களுக்குச் செய்துகொடுத்த அமைப்பு இது. குழலின் பின்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். அது கட்டையில் திருகியிருக்கும் வால்பட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் கட்டையின் குறுக்கே ஒன்றோ இரண்டோ ஆப்புகள். லாக்கில் சுத்திபோல் அடிக்கும் குதிரையைப் பின்னால் இழுத்து வைத்து, ஆப்பைத் தட்டி எடுத்து, குழலின் முன்நுனியைத் தூக்கினால் குழல் கையோடு வந்துவிடும். கழுவுவதற்கு வசதி, குழல் மாற்றுவதற்கும் வசதி.

இந்த வகையில் அதிகம் புழங்குவது தாம்சன் சென்டர் நிறுவனத்தின் ஹாக்கன். 1970 வாக்கில் சந்தைக்கு வந்தது. பழைய ஹாக்கனின் அச்சு அசல் நகல் என்று சொல்ல முடியாது. பித்தளைச் சாமான், லாக்கில் சுருள் ஸ்பிரிங் என்று புதுக்காலக் கைவரிசை நிறைய. ஆனாலும் அது ஏராளமாக விற்றதால் அதற்கென்றே மாற்றுக் குழலும் லாக்கும் விசையும் செய்யப் பலர் முன்வந்தார்கள். பழைய தோற்றத்துக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் லைமன் கிரேட் ப்ளெயின்ஸ் ரைபிள். இத்தாலியில் செய்தது, 32 அங்குலக் குழல்.

முழுக்கட்டை உள்ள நீண்ட பென்சில்வேனியா ரைபிள் கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் குழலைக் கட்டையோடு பிடித்துவைத்திருப்பவை மெல்லிய ஊசி ஆணிகள். அடிக்கடி தட்டி எடுத்தால் ஆணித் துளையைச் சுற்றி மரம் சிராய்க்கும். அந்த ரகத்தில் எல்லா முடிவுகளையும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். கிப்ளர் போன்றவர்கள் கணினி எந்திரத்தில் வெட்டிக் கொடுக்கும் கிட்கள் இதற்கு மிக நல்ல வழி. காலிபர் (குழல் துளையின் விட்டம்), மரத்தின் தரம் எல்லாம் நீங்கள் சொல்வதுதான். லாக்கும் குழலும் பள்ளத்தில் அநேகமாகத் தானாகவே போய் உட்காரும். அரமும் மெருகும் மட்டும் உங்கள் பங்கு.

குழலை மட்டும் மாற்றினால் போதுமா?

போதும், முகப்பு அகலம் ஒத்துப்போனால். எண்கோணக் குழலின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் அகலம் என்கிறோம். தாம்சன் சென்டர் ஹாக்கனுக்கு அது ஒரு அங்குலத்தில் பதினாறில் பதினைந்து பங்கு, அதாவது 23.8 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் ரெனிகேட் மாதிரிக்கு ஒரு முழு அங்குலம், 25.4 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று ரெனிகேட் குழலை ஹாக்கன் கட்டையில் அமுக்கினால் கட்டையின் உதடு பிளக்கும். ஹாக்கன் குழலை ரெனிகேட் கட்டையில் வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும், லாக்கும் குழலும் ஒன்றையொன்று தொடாது.

அகலம் சரி என்றால் அடுத்து கொக்கி. குழலை மாட்டி ஆப்பைத் தட்டிய பிறகு, கொக்கிக்கும் வால்பட்டைக்கும் நடுவில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் கட்டையைப் பிடித்து, மறு கையால் குழலை மேலும் கீழும் அசைத்தால் ‘டொக் டொக்’ என்று ஓசை வரக்கூடாது. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறையும் குண்டு ஒவ்வொரு இடத்தில் போய் விழும்.

இன்னொன்று. வெளி அகலம் ஒன்றாகவே இருக்க, காலிபர் கூடினால் எடை குறையும். துளை பெரிதாகிறது, உலோகம் குறைகிறது, அவ்வளவுதான். .50 குழலை எடுத்துவிட்டு .54 போட்டவர்கள் ‘முன்பக்கம் இலேசாகிவிட்டதே’ என்று ஆச்சரியப்படுவது இதனால்தான். நின்றுகொண்டு சுடுகிறவர்களுக்கு முன்பாரம் கை நடுக்கத்தை அடக்கும். அவர்கள் இதை யோசித்துவிட்டு வாங்கட்டும்.

1:48, 1:66 என்று எண்கள் சொல்கிறார்களே, எதை எடுப்பது?

குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அந்த எண். 1:48 என்றால் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு நிதானமான சுற்றுப் போதும். 1:60, 1:66, 1:70 எல்லாம் அதற்குத்தான். நீளமான கூம்புக் குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும், 1:28 அல்லது 1:32. லைமன் இதற்காகவே ஒரே ரைபிளை இரண்டு விதமாக விற்றது. கிரேட் ப்ளெயின்ஸ் ரைபிளுக்கு 1:60. அதே உருவத்தில் வந்த ஹன்டருக்கு 1:32. தாம்சன் சென்டர் ஹாக்கனின் 1:48 நடுவழி. இரண்டு குண்டுகளையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றிலும் அதற்கென்றே செய்த குழல் அதை மிஞ்சும்.

எண் மட்டும் போதாது, பள்ளத்தின் ஆழமும் முக்கியம். உருண்டைக் குண்டு குழலைவிடச் சிறியது. .50 குழலுக்கு .490 அங்குலக் குண்டு. மீதியை நிரப்புவது எண்ணெய் தடவிய துணி. அந்தத் துணி கவ்விப் பிடிக்க ஆழமான பள்ளம் வேண்டும். கூம்புக் குண்டின் ஈயமோ தானே விரிந்து பள்ளத்தை நிரப்பும், ஆகவே அதற்கு ஆழம் குறைந்த பள்ளம் நல்லது.

உருண்டைக் குண்டும் துணியுமாகச் சுடுவதுதான் மஸில்லோடரின் உயிர் என்பது என் கருத்து. ஒரே ஒரு மாற்றுக் குழல் வாங்க முடியும் என்றால், நிதானச் சுற்று உள்ள உருண்டைக் குண்டுக் குழலை வாங்குங்கள்.

கேப் வைத்துச் சுடும் ரைபிளைத் தீக்கல் ரைபிளாக மாற்ற முடியுமா?

முடியும். லாக்கை மட்டும் மாற்றி அல்ல. கேப் என்பது குதிரை அடித்ததும் வெடித்துத் தீ தரும் சின்னக் குப்பி; தீக்கல் ரைபிளில் கல் எஃகில் உரசிப் பொறி எழுப்பும். கேப் ரைபிளில் குழலின் பின்பக்கத்தில் ஒரு புடைப்பு இருக்கும், நிப்பிள் அதில்தான் நிற்கும். தீக்கல் ரைபிளில் புடைப்பு கிடையாது. குழலின் பக்கச்சுவரில் சின்னத் தீத்துளை, அதற்கு வெளியே லாக்கின் மருந்துக் கிண்ணம். ஆகவே குழலும் லாக்கும் ஜோடியாக மாற வேண்டும். கொக்கி ப்ரீச் ரைபிள் என்றால் ஒரே கட்டையில் இந்த ஜோடியையும் அந்த ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். தாம்சன் சென்டர் ஹாக்கன் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பொருத்தியதும் தீத்துளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் துளையின் நடு வர வேண்டும். துளை தாழ்ந்து, கிண்ணத்தில் இடும் பற்றுமருந்துக்குள் புதைந்து போனால், அந்த மருந்து திரிபோல எரிந்து முடிந்த பிறகே தீ உள்ளே போகும். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், ஒரு கணம் கழித்து ‘டமார்’. அந்த ஒரு கணத்தில் குறி தப்பிவிடும். மட்டம் சரியாக அமைந்த ரைபிளில் இரண்டு ஓசையும் ஒன்றாகவே காதில் விழும்.

லாக்கை மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தீக்கல் லாக்கில் நன்றாகத் தெரியும். செலவழிக்கிற பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் பாகம் வேறில்லை என்பேன். கம்பெனி லாக்குகளில் சில சோம்பேறித்தனமாகத் தீப்பொறி விடும். காரணம் பெரும்பாலும் ஃப்ரிசன் என்ற எஃகுப் பட்டைதான். அது போதிய கடினம் இல்லாமல் இருந்தால் கல் அதைச் சுரண்டிப் பொறி எழுப்பாமல் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போகும். அல்லது குதிரையின் வீச்சுக் கோணம் தப்பாக இருந்து கல் சீக்கிரம் மழுங்கும். எல் அண்ட் ஆர் நிறுவனம் இதற்கென்றே ‘மாற்று லாக்’ வரிசை ஒன்றைச் செய்கிறது. தாம்சன் சென்டர், லைமன் போன்ற ரைபிள்களின் பள்ளத்திலேயே உட்காரும்படி வடிவமைத்தவை. உட்காரும் என்றாலும் அங்கங்கே மரத்தைச் சுரண்ட வேண்டிவரும். பட்டையின் உட்பக்கம் விளக்குக் கரியை மெல்லத் தடவி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுங்கள். மறுபடி தடவுங்கள், மறுபடி அழுத்துங்கள். அவசரப்பட்டு ஒரே வெட்டில் எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது.

லாக் வாங்கும்போது உள்ளே ‘ஃப்ளை’ இருக்கிறதா என்று கேட்பதை மறக்காதீர்கள். குதிரையின் அச்சில் இரண்டு வெட்டுகள் உண்டு, ஒன்று பத்திரமாக நிறுத்திவைக்கும் பாதி இழுப்புக்கு, ஒன்று சுடத் தயாரான முழு இழுப்புக்கு. விசையை இலேசாகத் தட்டினாலே சுடும் ‘செட்’ விசை வைத்திருந்தால், குதிரையைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற நெம்பின் மூக்கு முழு வெட்டிலிருந்து விடுபட்டுக் கீழே வரும் வழியில் பாதி வெட்டில் போய் முட்டிக்கொள்ளும். குதிரை பாதியில் நிற்கும், மூக்கும் உடைந்துபோகும். அந்தப் பாதி வெட்டை அப்போது மட்டும் மூடிக்கொடுத்து மூக்கைத் தாண்டவிடுவது ஃப்ளை. அரிசி அளவு இரும்புத் துண்டு. லாக்கைப் பிரித்துத் துடைக்கும்போது கீழே விழுந்து தொலைவதும் அதுதான். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துப் பிரியுங்கள்.

இரட்டை விசை போடலாமா?

போடலாம். பின்விசையை இழுத்து ‘செட்’ செய்துவிட்டு, முன்விசையை மயிரிழை தொட்டால் போதும், சுடும். இதில் இரண்டு ரகம். ஒன்றில் செட் செய்யாமலும் முன்விசையை அழுத்திச் சுடலாம். இன்னொன்றில் செட் செய்யாவிட்டால் குதிரையை முழுதாக இழுக்கக்கூட முடியாது. வேட்டைக்குப் போகிறவர்கள் முதல் ரகத்தையே எடுக்க வேண்டும். குளிரில் கையுறையோடு செட் விசையைத் தொடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒரே ஒரு இடைவெளி. விசையின் மேல்கத்தி, ஓய்வாக இருக்கும்போது, சியரின் கையைத் தொடவே கூடாது. ஒரு காகிதம் நுழையும் அளவாவது இடம் வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் சியரின் மூக்கு பாதி வெட்டில் முழு ஆழத்துக்கு இறங்காது. பார்க்கப் பத்திரமாக நிற்கிற குதிரை ஒரு தட்டலில் விழும். மருந்து எதுவும் இல்லாத ரைபிளில், குதிரையைப் பாதி இழுப்பில் வைத்து, விசையை நன்றாக அழுத்திப் பாருங்கள். அசையக்கூடாது. அசைந்தால் அந்த ரைபிளில் மருந்து போடாதீர்கள்.

நிப்பிள் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

தாம்சன் சென்டர் போன்ற அமெரிக்க ரைபிள்களில் நிப்பிளின் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வந்த பல ரைபிள்களில் 6 மில்லிமீட்டர் விட்டம், சுற்றுக்குச் சுற்று 1 மில்லிமீட்டர் அல்லது 0.75 மில்லிமீட்டர் இடைவெளி. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அதன் சுற்று இடைவெளி சுமார் 0.91 மில்லிமீட்டர். எவ்வளவு நெருக்கம் பாருங்கள். 6 மில்லிமீட்டர் நிப்பிளைக் கால் அங்குலத் துளையில் திருகினால் அது மறுக்காமல் உள்ளே போகும். மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டது போலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனிகள் மட்டும்தான் பிடித்திருக்கின்றன. ஒரு வெடியின் அழுத்தத்தில் அது பிய்த்துக்கொண்டு பறக்கலாம், சுடுகிறவரின் முகத்துக்குச் சில அங்குல தூரத்திலிருந்து.

ஆகவே பழைய நிப்பிளைக் கழற்றி, வெர்னியரால் விட்டத்தையும் மரைமானியால் சுற்றையும் அளந்த பிறகுதான் புதியதை வாங்க வேண்டும். புதியதை விரலால் திருகும்போது தொடக்கத்திலிருந்தே வழவழவென்று, ஆட்டம் இல்லாமல் போக வேண்டும். பழைய ரைபிளை வாங்கினவர்கள், முன்னால் வைத்திருந்தவர் எதைத் திருகினாரோ தெரியாது என்று எண்ணி, முதல் நாளே அளந்துவிடுவது நல்லது. நிப்பிள் கூம்பின் அளவும் கேப்பின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 10, 11 என்பவை சாதாரண கேப்புகள். மஸ்கட் கேப் பெரியது, அதற்கென்று தனி நிப்பிள்.

குறியை மாற்றினால் எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?

கணக்கு எளிது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். குண்டு எத்தனை அங்குலம் தப்புகிறதோ அதால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். குறிகளின் இடைவெளி 24 அங்குலம், இலக்கு 50 கஜத்தில், அதாவது 1,800 அங்குலத்தில். குண்டு 3 அங்குலம் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 24ஆல் பெருக்கி 1,800ஆல் வகுத்தால் 0.04 அங்குலம். ஒரு மில்லிமீட்டர்.

பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன்குறிக்கு நேர் எதிர். முன்குறியை அரத்தால் தாழ்த்தினால் குண்டு மேலே ஏறும். அதனால்தான் புது முன்குறியை வேண்டுமென்றே உயரமாக வாங்கச் சொல்கிறார்கள். ராவிக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ராவுவதற்கு முன் எந்த மருந்தளவில், எந்தக் குண்டில் சுடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். பிறகு மருந்தளவை மாற்றினால் ராவினது வீண்.

கெட்டிக்கும் கோல்?

ஹிக்கரி மரம், நேர் நார் ஓட்டம். நார் சாய்வாகப் பக்கவாட்டில் வெளியேறினால் அழுத்தும்போது கோல் ஈட்டிபோல் முறிந்து உள்ளங்கையில் பாயும். வாங்கும்போது கோலை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். முனையில் திருகும் கருவிகளுக்கு 8-32, 10-32 என்று இரண்டு மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதிலேயே வாங்குங்கள்.

புதுக் கோல் வந்ததும் செய்ய வேண்டிய வேலை: வெறும் குழலில் அடிவரை இறக்கி, குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு. வழக்கமான அளவு மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. ரைபிள் வெறுமையா, கெட்டித்ததா, குண்டு மருந்தின் மேல் முழுதாக இறங்கியதா என்று இந்த இரண்டு கோடுகளும் சொல்லிவிடும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் புடைத்துப்போகும், வெடிக்கவும் செய்யும்.

கட்டையை மாற்றுவது பெரிய வேலையா?

பெரிய வேலைதான். ஓரளவு வெட்டிய கட்டை என்று விற்பதில்கூடக் குழல் பள்ளம், லாக் பள்ளம், விசைப் பள்ளம் மூன்றையும் நீங்கள்தான் முடிக்க வேண்டும். மாற்றுவதற்கு ஒரே நல்ல காரணம் உடம்புக்குப் பொருந்தாதது. கட்டையின் பின்முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம் உங்கள் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கன்னத்தை வைத்தவுடன் கண் குறிக்கு நேராக வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குறிகள் நேராகத் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுடையது.

சுருள் ரேகை ஓடும் மேப்பிள், வால்நட் இரண்டும் மரபானவை. ஊசி ஆணி போட்ட முழுக்கட்டையில் குழலின் அடியில் உள்ள காதுத்துளையை நீளவாக்கில் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், இரும்பு அப்படிச் செய்யாது. வட்டத் துளையாகவே விட்டால் ஆணி குழலைப் பிடித்து இழுக்கும், குறி பருவத்துக்குப் பருவம் மாறும்.

பித்தளைச் சாமான், துணிப்பெட்டி (குண்டில் சுற்றும் துணியை வைக்கக் கட்டையில் குடைந்த குழி) மூடி, குழலுக்கு நிறம்?

அவரவர் விருப்பம். கடைசியாகச் செய்யுங்கள். நீலம் ஏற்றிய பளபளப்பான குழலை மெதுவாகத் துருவேற்றிப் பழுப்பாக்கினால் பழைய ரைபிளின் களை வரும், வேட்டையில் வெயில் பட்டு மின்னாது.

தாத்தா காலத்து அசல் ரைபிள் ஒன்று இருக்கிறது. அதில் புதுப் பாகம் போடலாமா?

போடாதீர்கள். அசல் பொருளில் ஒரு துளை கூடினாலும் அதன் வரலாறு குறைகிறது. பொருந்தவும் பொருந்தாது. 1853 மாதிரி என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து எந்திரங்களை வரவழைத்து, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதச் சாலையில் செய்தவற்றின் பாகங்கள் மாறிப் பொருந்தும். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் வாங்கிக் குவித்த என்ஃபீல்டுகளில் பெரும்பகுதி பர்மிங்ஹாம், லண்டன் பட்டறைகளில் கையால் இழைத்தவை. ஒன்றின் லாக் அடுத்ததில் போகாது. சுடுவதற்கு நகல் ரைபிள் வாங்கிக்கொள்ளுங்கள், அசலைத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள்.

புதுக் குழல் உறுதியானது. புகையில்லா மருந்து போட்டால் என்ன?

கூடாது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் கூடாது. கருமருந்தும், கருமருந்துக்குப் பதிலாகவென்றே விற்கும் பைரோடெக்ஸ் போன்றவையும் மட்டும்தான். புகையில்லா மருந்தின் அழுத்தம் இந்தக் குழல்கள் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். மருந்தளவுக்குக் குழல் செய்தவரின் கையேட்டில் உள்ள எண்தான் எல்லை. கட்டை பழையது என்பதற்காகப் பழைய கையேட்டைப் பார்க்கக்கூடாது, குழல் யாருடையதோ அவருடைய கையேடு.

பாகம் மாற்றினால் சட்டச் சிக்கல் வருமா?

அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், கருமருந்துக்கென்றே செய்த, தோட்டா போட முடியாத மஸில்லோடரைத் ‘தொன்மைத் துப்பாக்கி’ என்ற பிரிவில் வைத்து வழக்கமான கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியிருக்கிறது. இந்த விலக்குக்கு ஒரு வரம்பு உண்டு, அது பாகம் மாற்றுவதைப் பற்றியதேதான்: குழலையோ ப்ரீச்சையோ மாற்றிச் சுலபமாகத் தோட்டாத் துப்பாக்கியாக்க முடிந்தால் விலக்கு கிடையாது. தோட்டாக் குழலையும் மாற்றிப் போடக்கூடிய, தாம்சன் சென்டரின் என்கோர் போன்ற சட்டகத்தில் மஸில்லோடர் குழல் போட்டிருந்தாலும் அது சாதாரணத் துப்பாக்கியாகவே கணக்கில் வரும். பக்கவாட்டு லாக் ரைபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாநிலச் சட்டங்கள் தனி. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் மஸில்லோடருக்கும் உரிமம் வேண்டும்.

வேட்டை விதிகள் இன்னும் நுணுக்கம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மஸில்லோடர் மான் வேட்டைப் பருவத்தில் தீக்கல் ரகம் மட்டும்தான் செல்லும். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் தொலைநோக்கிக் குறியும், வில்லையாகச் செய்த மருந்தும், பிளாஸ்டிக் உறையில் வரும் குண்டும் கூடாது. குறியோ லாக்கோ வாங்குவதற்கு முன்னால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. முதல் வெடிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

‘எல்லாம்’ என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஒரு நேரத்தில் ஒரு பாகம். குழலையும் விசையையும் குறியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், குண்டு சிதறும்போது யாரைக் குற்றம் சொல்வது?

அப்புறம், மருந்து இல்லாமல் முதலில் ஒத்திகை. நிப்பிளின் மேல் தடித்த தோல் துண்டு வைத்து, அல்லது கல்லுக்குப் பதில் மரத்துண்டைக் கவ்வவைத்து, குதிரையைச் சில முறை விடுங்கள். குதிரையின் மூக்கு நிப்பிளின் நடுவில் படிகிறதா, ஓரத்தில் இடிக்கிறதா? பாதி இழுப்பு நிற்கிறதா? ஆப்பு தளர்ந்ததா? எல்லாம் சரி என்றால் சுடுமைதானத்தில், கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு, குறைந்த மருந்தளவில் தொடங்குங்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஆப்பையும் லாக் திருகையும் நிப்பிளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது மரம் முதல் சில வெடிகளில் அமுங்கும், திருகு தளரும். அது இயல்புதான், இறுக்கிவிட்டுத் தொடரலாம். நிப்பிள் தளர்ந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மரையை மறுபடி அளங்கள்.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

வைத்திருங்கள். எந்த ரைபிளிலிருந்து எடுத்தது, என்ன மரை, என்ன அகலம் என்று சீட்டெழுதிக் கட்டி, எண்ணெய் பூசி ஒரு பெட்டியில் போடுங்கள். தாம்சன் சென்டரை 2007இல் ஸ்மித் அண்ட் வெசன் வாங்கியது. அதற்குப் பின் பக்கவாட்டு லாக் ஹாக்கன் தயாரிப்பிலிருந்தே போய்விட்டது. இன்று அந்த லாக்கின் ஒரு சியரோ திருகோ தேடுகிறவர்கள் பழைய சாமான் விற்பவர்களிடம்தான் அலைகிறார்கள். நீங்கள் கழற்றிவைத்த கம்பெனி லாக் ஒருநாள் உங்களுக்கே உதிரிபாகக் கிடங்காகும். ரைபிளை வேறொருவருக்குக் கொடுக்கும்போது அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள், நிப்பிள் மரையின் அளவைச் சீட்டின் முதல் வரியில் எழுதி.